ஒரு மாதிரிச் சமரசம்

செப்டம்பர் 6

வாண்டுவின் அப்பாவுக்கு,

போனில் நீ "ம்" என்கிறாய். நான் "வேற?" என்கிறேன். நீ மறுபடி "ம்" என்கிறாய். பிறகு போனை மகளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாய். உன் "ம்"மைக் கேட்க நான் இத்தனை தூரத்திலிருந்து கூப்பிட வேண்டியதில்லை. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் வழக்கறிஞர்கள். எழுதி அனுப்பினால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இங்கே எல்லாம் சுத்தம். அறை சுத்தம், படுக்கை சுத்தம், ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஆறுகூடச் சுத்தம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் நம்மைப் போன்ற ஆட்கள்தான். அவரவர் நாட்டுச் சுற்றுச்சூழல் துறைக்காக வழக்காடுகிற அரசு வழக்கறிஞர்கள். "வளரும் நாடுகள்" என்று எங்களைச் சொல்கிறார்கள், தலையைத் தடவிக்கொடுக்கிற ஒரு குரலில். பக்கத்து இருக்கையில் ஒரு தீவு நாட்டுக்காரர். பெரிய உடம்பு, சிரிப்பே வராத முகம். முதல் நாள் ஒரு பேராசிரியை, தொழிற்சாலைக்கு நோட்டீஸ் எழுதுவது எப்படி என்று காலை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். தீவுக்காரர் என் பக்கம் குனிந்து, "நாங்க அனுப்பின நோட்டீஸை எல்லாம் அடுக்கியிருந்தா எங்க தீவு இன்னும் கொஞ்சம் ஒசரமா இருந்திருக்கும்" என்றார். அவருடையது கடல் ஏறிக்கொண்டிருக்கிற நாடு. சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நல்லதும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவை எதிர்த்தரப்பு எப்படியெல்லாம் உடைக்கப் பார்க்கும், முடிவை எப்படி நிலைநாட்டுவது என்று ஒரு விஞ்ஞானி பாடம் எடுத்தார். நான் எழுதி எழுதிக் கை வலித்துப்போனது. எல்லாம் நம் ஈய ஆலை வழக்குக்காக.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். இப்போது அந்தக் கோப்பு உன் மேஜையில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறார்கள், இந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள், அந்த ஈயம் இப்போது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. இந்த மூன்றை மட்டும் நீதிபதி மறக்க விடாதே. அவர்கள் வாய்தா கேட்பார்கள், கொடுக்க விடாதே. தையல்காரம்மாவை முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்று. மகன் படித்ததெல்லாம் மறந்துபோகிறான் என்று என்னிடம் வந்து முதலில் சொன்னவள் அவள்தான். பயம் வந்தால் அவளுக்குக் குரல் உயரும். அது திமிர் இல்லை என்று நீதிபதிக்குப் புரிகிற மாதிரி நிதானமாகக் கேள். நம் தலைவர் "பார்ப்போம்" இருக்கிறாரே, எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே பிரிவுத் தலைவராக ஆனவர், இதற்கும் அதையேதான் சொல்வார். அவர் பார்க்கட்டும். நீ செய்.

வாண்டுவின் ஆடுகிற பல் விழுந்ததா?


செப்டம்பர் 15

வாண்டுவின் அம்மாவுக்கு,

பல் விழுந்துவிட்டது. நீ இல்லாதபோது விழுந்ததற்காக அதன்மேல் கோபப்படாதே.

உன் கடிதத்தில் "செய்", "விடாதே", "ஏற்று" ஆகிய சொற்கள் நிறைய இருக்கின்றன. எனக்கும் கறுப்பு அங்கி இருக்கிறது, எனக்கும் வாதாடத் தெரியும்.

வழக்கு தள்ளிப்போயிருக்கிறது. ரத்தம் எடுத்த ஆய்வகத்துக்காரரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளைப் பரிசோதித்த டாக்டர் போனை எடுப்பதில்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மறுபடியும் கூப்பிடுவார். இதற்கு மேல் கேட்காதே.

இன்னொன்று. "வழக்கு முடியட்டும், அடுத்த வருஷம் போ" என்று நான் சொன்னபோது நீ "உனக்குப் பொறாமை" என்றாய். நானும் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவன்தான். பொறாமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது மட்டும் இல்லை என்கிறேன். நீ கிளம்பிப் போய்விட்டாய். அந்த வார்த்தை சமையலறையிலேயே நிற்கிறது. காலையில் வாண்டுவுக்குப் பால் காய்ச்சும்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் என்று வாண்டுவிடம் சொன்னாயாமே.


அக்டோபர் 3

சட்டப் பிரிவு இரண்டாவது மேஜை அரசு வழக்கறிஞர் அவர்களுக்கு,

நேற்று எங்கள் வகுப்புக்கு ஒரு விருந்தினர் வந்தார். வெள்ளி முடி, அழகான பல்வரிசை, குரலை உயர்த்தவே தேவைப்படாத மனிதர். உலகம் முழுக்க ஆலைகள் வைத்திருக்கிற ஓர் உலோகக் குழுமத்தின் தலைமை வழக்கறிஞர். மோதல் இல்லாமல் தீர்ப்பது எப்படி என்பது அவருடைய பாடம்.

"ஒரு வளரும் நாடு. பேரு வேண்டாம்" என்று ஆரம்பித்தார். அவருடைய குழுமத்துக்கு அங்கே ஓர் ஈய ஆலை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அரசு வழக்குப் போட்டது. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசின. "இத நான் எல்லா நாட்டுலயும் ஒரு மாதிரிச் சமரசமா காட்டுறேன்" என்றார். திரையில் ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடத்து மதில். அதில் பிள்ளைகள் வரைந்த ஒரு மஞ்சள் லாரி, சக்கரங்கள் ஒரு பக்கமாகக் கூடிப்போய்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். என் விரலின் நிழல் ஓரத்தில் விழுந்திருக்கிறது. அது நம் கோப்பில் மட்டும் இருந்த படம்.

கையைத் தூக்கினேன்.

"அந்தச் சமரசத்துல என்னதான் எழுதியிருக்கு?"

சொன்னார். புகைபோக்கியை உயர்த்துவார்கள். ஆலையைச் சுற்றி மரம் நடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வண்ணம் அடித்துத் தருவார்கள். பிள்ளைகளின் ரத்த அறிக்கைகளை இரு தரப்பும் மூடி முத்திரை வைத்துவிடுவார்கள், இனி எங்கும் காட்டக் கூடாது. தவறு நடந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அரசாங்கம் சார்பா யாரு கையெழுத்துப் போட்டாங்க?"

"இளைஞர் ஒருத்தர். ரொம்ப நிதானமானவர். அந்த மாதிரி ஆளுங்கதான் உங்க நாடுகளுக்கு வேணும்" என்றார்.

வகுப்பு கைதட்டியது. தீவுக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதானமானவரே, கோப்பில் வேறு யாருடைய பெயரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் போனில் ஏன் "ம்" என்று மட்டும் சொன்னீர்கள் என்பதும் இப்போது புரிகிறது. மதிலுக்கு வண்ணம் அடித்தால் லாரி மறைந்துவிடும். ரத்தத்துக்கு என்ன வண்ணம் அடிப்பதாக உத்தேசம்? உயர்த்திய புகைபோக்கியிலிருந்து வருகிற புகை பள்ளிக்கூடத்தைத் தாண்டி வேறு யார் வீட்டுப் பிள்ளைமேல் விழும் என்றாவது கேட்டீர்களா? அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்து, வலிக்காது என்று பொய் சொல்லி ரத்தம் எடுக்க வைத்தவள் நான். அதை மூடி முத்திரை வைக்க உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கடைசியாக ஒன்று. இந்தப் பயிற்சிக்கு உதவிய நிறுவனங்களின் சின்னங்களை ஒரு பையில் அச்சடித்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலைதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் ஒன்று வெள்ளிமுடியின் குழுமம். இத்தனை நாளும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்னை இங்கே அனுப்பியதே அவர்களுடைய தயவுதான். இது உங்களுக்கு முன்பே தெரியுமா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.


அக்டோபர் 7

வாண்டுவின் அம்மாவுக்கு,

இல்லை. தெரியாது.

விளக்கம் வேண்டாம் என்றாய். சொல்லத்தான் போகிறேன். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். சட்டக் கல்லூரியில் என் பேனாவைக் கேட்காமல் எடுத்து எழுதிய நாளிலிருந்து நீ என்னை "நீங்கள்" என்றது நீதிபதி முன்னால் மட்டும்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மரியாதை மட்டும் கொடுக்காதே.

கையெழுத்து நான்தான் போட்டேன். ஆய்வகத்துக்காரர் இல்லை. டாக்டரை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல சார்" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார். பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நம் தலைவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. "இன்னிக்கே முடிச்சிடுங்க" என்றார். எழுந்து வரப்போனேன். "உங்க வீட்டம்மா அங்க நல்லா படிச்சிட்டிருக்காங்க இல்ல? நடுவுல திரும்பக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

உனக்காகத்தான் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது பாரத்தை உன் தலையில் ஏற்றுவதாகிவிடும். பயந்தேன். களைத்தும் போயிருந்தேன். ஒன்றும் கிடைக்காததற்குப் புகைபோக்கியாவது உயரட்டுமே என்று எனக்கு நானே வாதாடினேன். அந்த வழக்கில் மட்டும் ஜெயித்துவிட்டேன்.

இப்போது என் முறை. நம் பிரிவில் உனக்கு மூத்தவர்கள் எத்தனை பேர் கேட்டும் கிடைக்காத பயிற்சி, நீ விண்ணப்பித்த சூட்டோடு உனக்குக் கிடைத்தது. அதுவும் வழக்கு சாட்சி விசாரணைக்கு வருகிற நேரத்தில். எதிர்த்தரப்பு சாட்சி ஒருவர் இப்படிச் சொன்னால் அவரை நீ சும்மா விட்டிருப்பாயா? ஏன், எப்படி, யார் சொல்லி என்று தோலை உரித்திருப்பாய். உன்னை மட்டும் நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. திறமைக்குக் கிடைத்தது என்று நினைத்தாய். நானும் அப்படி நினைத்துத்தான் வயிறெரிந்தேன். நம் இரண்டு பேரையும் ஒரே அடியில் மடையர்களாக்கியிருக்கிறார்கள். அந்தக் கோபம் முழுவதையும் என் ஒருவன்மேல் கொட்டாதே.

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. வாண்டு போய்த் திறந்தாள். "அப்பா, ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க. கோவமா இருக்காங்க" என்றாள்.

தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"சமாதானமாப் போயிட்டீங்களாமே சார்."

நான் கதவை அகலத் திறந்தேன்.

"யாருக்கும் யாருக்கும் சமாதானம்? எம்புள்ளைக்கு ஊசி குத்தும்போது அவன் கையை அமுக்கிப் புடிச்சது நானு. கத்தினான். இது உன் நல்லதுக்குத்தான்டான்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. நம்பினேன். இப்ப அந்த ரத்தத்த மூடி வெக்கப் போறீங்களாம். என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உள்ள வந்து உக்காருங்கம்மா."

"உங்க வீட்டுல உக்கார வரல சார்."

போய்விட்டாள். வாண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். அன்று சனிக்கிழமை.

அந்தச் சமரசம் இன்னும் உத்தரவாகவில்லை. வெள்ளிமுடி அவசரப்பட்டுப் பெருமையடித்திருக்கிறார். 20ஆம் தேதி நீதிபதி கேட்பார், நான் எழுந்து இது நியாயமான சமரசம் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பதிவு செய்வார். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.


அக்டோபர் 11

வாண்டுவின் அப்பாவுக்கு,

"நீ" என்று எழுதுவதால் கோபம் இறங்கிவிட்டது என்று நினைக்காதே. அப்படியே இருக்கிறது. பக்கத்தில் வைத்துத் திட்டினால்தான் எனக்குத் திட்டு வருகிறது, அவ்வளவுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், நான் கேட்கவில்லை. ஆணை கைக்கு வந்தபோது "இவ்வளவு சீக்கிரமா?" என்று வாய்வரை வந்தது. கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று விழுங்கிவிட்டேன். போதுமா? இதற்கு மேல் இதைக் கிளறாதே.

இங்கே நடந்ததைக் கேள். வெள்ளிமுடி வந்துபோன மறுநாள், உனக்கு எழுதி அனுப்பிய கையோடு வகுப்புக்குப் போய், பாடம் ஆரம்பிக்கும் முன்பே எழுந்து நின்றேன். "நேத்து பேரு சொல்லாம விட்ட நாடு என்னோடது. அந்தப் படம் நான் எடுத்தது. மீதிய நான் சொல்றேன்" என்றேன். பேராசிரியை மறிக்கப் பார்த்தார். தீவுக்காரர் எழுந்து தன் முழு உயரத்துக்கும் நின்று, "அவங்க முடிக்கட்டும்" என்றார். சொன்னேன். தையல்காரம்மாவின் மகனைச் சொன்னேன். நேற்றுக் கற்றதை இன்று தேடுகிற அவன் முகத்தைச் சொன்னேன். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. சுரங்க நாட்டிலிருந்து வந்திருக்கிற ஒரு பெண் மெதுவாக, "எங்க ஊர் வழக்குலயும் இதே ஆள்தான் வந்தாரு. இதே மரந்தான்" என்றாள். அப்புறம் ஒருவர், அப்புறம் இன்னொருவர். அன்றைய பாடம் நடக்கவே இல்லை. எனக்குத் தெரிந்து இந்தப் பயிற்சியில் நாங்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மத்தியானம் ஒருங்கிணைப்பாளர் அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். "விருந்தினர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதுங்கறது இங்க ஒரு விதி" என்றார்.

"என்னைச் சங்கடப்படுத்தலாமா?"

"உங்க துறைக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும்."

"அனுப்புங்க. பேரை மட்டும் தப்பில்லாம எழுதுங்க, அடிக்கடி தப்பா எழுதறீங்க."

வெளியே வந்தேன். தீவுக்காரர் படிக்கட்டில் காத்திருந்தார். "எங்க நாட்டுலயும் அரசாங்கம் ஒதுங்கிக்கிச்சு. ஊர்க்காரங்க ஒதுங்கல. எங்களையும் கேளுங்கன்னு அவங்களே மனுவோட போய் நின்னாங்க. ஆள் எதிர்ல நிக்கும்போது நீதிபதி எப்படிக் கண்ண மூடிக்குவார்?" என்றார்.

இந்த வாரம் எங்களுக்கு வீட்டுப்பாடம், ஒரு மாதிரி மனு எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள், தங்களைக் கேட்காமல் அரசு செய்துகொண்ட சமரசத்தை ஏற்கக் கூடாது என்றும் தங்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிற மனு ஒன்றை எழுதியிருக்கிறேன். மனுதாரர் ஒரு தையல்காரப் பெண். எல்லாம் கற்பனைதான். இத்துடன் அனுப்புகிறேன், பிழை திருத்தித் தா. திருத்திய பிறகு அந்தத் தாள் எங்கே போகிறது என்று நான் கேட்க மாட்டேன்.

20ஆம் தேதி நீ என்ன சொல்ல வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். "செய்", "விடாதே" என்று சொன்னால் உனக்குப் பிடிக்கவில்லையே.


அக்டோபர் 14

வாண்டுவின் அம்மாவுக்கு,

வீட்டுப்பாடம் வந்தது. ஒரு பெரிய பிழை இருக்கிறது. எதிர்மனுதாரர்களில் ஆலையை மட்டும் போட்டிருக்கிறாய், நம் துறையை விட்டுவிட்டாய். இத்தனை கோபத்திலும் அலுவலகத்தைக் காப்பாற்றத்தான் உனக்குக் கை போகிறது. சேர்த்துவிட்டேன்.


அக்டோபர் 21

வாண்டுவின் அம்மாவுக்கு,

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்குக் கேள்வி கேட்காமல் கடைசிவரை படி.

நேற்று நீதிமன்றத்தில் பின் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. தையல்காரம்மாவும் மற்ற அம்மாக்களும். சிலர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். இலவச சட்ட உதவி மையத்திலிருந்து அவர்களுக்காக ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். சின்னப் பெண், பயங்கரமான சளி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூக்கை உறிஞ்சினார். ஆனால் மனுவைத் தலைகீழாகப் படித்து வைத்திருந்தார். அது அவர் கைக்கு எப்படிப் போனது என்று நீ கேட்க மாட்டேன் என்றாய். கேட்காதே.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் எழுந்து, இது அரசுக்கும் ஆலைக்கும் நடுவில் உள்ள வழக்கு, முடிந்துபோன வழக்கு, சம்பந்தமில்லாதவர்கள் நடுவில் வந்து நிற்கிறார்கள் என்றார். "சம்பந்தமில்லாதவர்கள்" என்றதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது நியாயமான சமரசம்னு அரசுத் தரப்பு சொல்லுதா?"

எழுந்தேன். தலைவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"சொல்லச் சொல்லியிருக்காங்க, ஐயா" என்றேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றீங்களா?"

"கையெழுத்து என்னோடதுதான், ஐயா. அத மறுக்கல. ரத்தம் குடுத்தவங்களக் கேக்காம போட்டேன். அது நியாயம்னு இந்த இடத்துல நின்னு என்னால சொல்ல முடியாது."

எதிர்த்தரப்பு கத்த ஆரம்பித்தது. தலைவர் என் அங்கியைப் பிடித்து இழுத்தார், தையல் விட்டுப்போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரத் தோன்றவில்லை. நீதிபதிதான் "உக்காருங்க" என்றார்.

உத்தரவு இதுதான். அம்மாக்கள் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். சமரசத்தை இப்போதைக்குப் பதிவு செய்ய முடியாது. ரத்த அறிக்கைகளை யாரும் மூடக் கூடாது, நீதிமன்றத்தில் திறந்தே இருக்கும். சாட்சி விசாரணை அடுத்த மாதம். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. ஆலை இன்றைக்கும் புகைகிறது. சாட்சி சொல்ல ஆய்வகத்துக்காரரும் இல்லை, டாக்டரும் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் தலைவர் வேர்த்துப்போய் நின்றார். "என்னய்யா பண்ணிட்ட? மேல இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். "பார்ப்போம் சார்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

மாலைக்குள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு மேஜைக்கு வந்துவிட்டது. மேஜையைக் காலி செய்துவிட்டேன். வாண்டுவின் படமும் உன் உடைந்த ஸ்டேப்ளரும் என் பையில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படி இறங்கும்போது தையல்காரம்மா அங்கே நின்றிருந்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று, வெட்கமாக இருக்கிறது, எதிர்பார்த்தேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டு மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று படி இறங்கியதும் அந்தப் பையன் எங்கே போகிறோம் என்று கேட்டான். வீட்டுக்கு என்றாள். தெருவுக்கு வந்ததும் மறுபடி கேட்டான்.

நீ என்னைப் பாராட்டி எழுதாதே. "நிதானமானவரே" என்று எழுதினாயே, அதை நான் மறக்கவில்லை. "பொறாமை"யையும் மறக்கவில்லை.


அக்டோபர் 27

வாண்டுவின் அப்பாவுக்கு,

பாராட்ட மாட்டேன். தையல்காரம்மா கேட்டதுதான் சரி. அவளே அதைக் கேட்டுவிட்டதால் எனக்கு ஒரு வரி மிச்சம். அந்தப் பையன் மறுபடி கேட்டான் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் மேலே படித்தேன்.

பயிற்சி இன்று முடிந்தது. நான் பேசியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. விழாவில் என் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப்போனார்கள். அடுத்தது தீவுக்காரர். அவர் எழுந்திருக்கவே இல்லை. "எங்க ஊர் ஈரத்துல காகிதம் தாங்காது" என்றார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நம் துறையிலிருந்து எனக்கு உத்தரவு வந்திருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது. திரும்பி வந்ததும் ஈய ஆலை வழக்கை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நீ சொன்னது உன் சொந்தக் கருத்து, சமரசம் செல்லும் என்று நான் எழுந்து வாதாட வேண்டுமாம். புருஷன் சொன்னதை மறுக்கப் பெண்டாட்டியையே நிறுத்துகிறார்கள். இதை யோசித்தவருக்கு நல்ல மூளை.

பதில் அனுப்பிவிட்டேன். இந்த வழக்கில் என்னால் யாருக்காகவும் வாதாட முடியாது, ஏனென்றால் நான் சாட்சி. ரத்தம் எடுத்தபோது அந்தப் பள்ளிக்கூட அறையில் இருந்தவள் நான். எந்தப் பிள்ளை எந்த நாற்காலியில் உட்கார்ந்தது, குழாய்களில் பெயர் ஒட்டியது யார், பெட்டியை மூடியது யார், எல்லாம் எனக்குத் தெரியும். ஆய்வகத்துக்காரரை ஊர் மாற்றலாம், டாக்டருக்கு ஞாபகம் போகலாம். எனக்குப் போகாது. அந்தச் சளிக்காரப் பெண்ணிடம் சொல், என்னைச் சாட்சியாக அழைக்கச் சொல்லி மனு போடட்டும். நீதிமன்றம் சம்மன் அனுப்பினால் போகாதே என்று சொல்ல எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இல்லை. வேலை போகுமே என்று எழுதாதே. பயிற்சி முடித்து வருகிறவர்களின் அறிவைப் பயன்படுத்திக்கொள்ளத் துறையிலேயே வைத்திருப்போம் என்று, என்னை அனுப்பும்போது அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பயன்படுத்திக் காட்டுகிறேன்.

"பொறாமை" என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "நிதானமானவரே" என்று எழுதியதை எடுத்துக்கொள்ளவில்லை. அதை நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். நீயும் உன் பங்குக்குச் சேர்த்து வைத்திருப்பாய், எதையும் விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதலில் நம் சண்டை, அதற்குப் பிறகுதான் சாட்சிக் கூண்டு. வாண்டுவைக் கொஞ்ச நேரம் உன் தங்கை வீட்டில் விட்டு வை. கத்த வேண்டியிருக்கும்.